தூசியை ஆராய்ந்த டாக்டர் கன்னிங்ஹாம்

ஆடித் திங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் மேல்காற்று, அமராவதிக் கரையிலுள்ள எம் கொமரலிங்கத்து வீடுகளுள் நாள்தோறும் புழுதியைக் கொணர்ந்து கொட்டிவிட்டுச் செல்லும். ஓட்டுக் கூரையின் இடுக்கில் இறங்கும் வெயிற் கதிரிலே அப்புழுதி மிதந்து சுழல்வதைச் சிறு பருவத்தில் நெடுநேரம் நோக்கியிருந்ததுண்டு. கூட்டிப் பெருக்கி வாயிற்புறத்தே எறிதற்கன்றி வேறெதற்கும் ஆகாதென்று நாம் கருதும் அப்பொருளைக் கண்ணாடித் தகட்டிலே பிடித்து, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, அதில் மிதந்தவற்றை ஒவ்வொன்றாகப் படம் எழுதி வைத்த மருத்துவர் ஒருவர் இந்நாட்டில் ஏறத்தாழ முப்பது ஆண்டு வாழ்ந்தார். டேவிட் டக்ளஸ் கன்னிங்ஹாம் என்பது அவர் பெயர். மருத்துவ நூலாரும் நிலைத்திணை நூலாரும் நன்கறிந்த இப்பெயரைத் தமிழ் பயிலும் மாணவன் எடுத்துக்கொண்டது எற்றுக்கென நண்பர் வினவுதல் கூடும். கண்ணாற் கண்டாலன்றி நம்பேன் என்று நின்ற ஒருவர்க்கு அவ்வுறுதியே ஒருகால் துணையாகவும் பிறிதொருகால் பகையாகவும் முடிந்தமைதான் என்னை இவர் வரலாற்றின்பால் ஈர்த்தது.

இவர் ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பரோவுக்கு அணித்தாகவுள்ள பிரஸ்டன்பான்ஸ் என்னும் கடற்கரை ஊரில், 1843ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ஒரு போதகரின் மகனாய்ப் பிறந்தார். இவர் தொட்டிற் குழவியாயிருந்த அந்நாளிலேதான், பின்னர் இவர் தலைமேல் வந்து விழவிருந்த வினாவைக் குறித்து அறிஞர் இருவரிடையே கடிதப் போக்குவரவு நிகழ்ந்தது. ஒருவர் இங்கிலாந்தின் சார்ல்ஸ் டார்வின். மற்றவர் பெர்லினில் வாழ்ந்த கிறிஸ்தியான் எஹ்ரன்பர்க். டார்வின் 1832ஆம் ஆண்டு சனவரியில் பீகிள் என்னும் கப்பலிற் சென்றபோது, ஆப்பிரிக்காவுக்கு மேற்கேயுள்ள வெர்டி முனைத் தீவுகளின் அருகே வானம் மங்கலுற்று, மெல்லிய தூசி கப்பலின்மீது படியக் கண்டார். பாய்மரத்து உச்சியில் காற்றுத் திசைகாட்டியின் வலைத்துணியிற் சிக்கிய தூசியை ஒரு பொட்டணமாகக் கட்டி வைத்தார். நிலவியலறிஞர் லயல் வேறொரு கப்பலில் விழுந்த தூசியிலிருந்து நான்கு பொட்டணங்களை அவர்க்குக் கொடுத்தார். ஐந்தும் பெர்லினுக்குச் சென்றன.

எஹ்ரன்பர்க் பூதக்கண்ணாடி முன் அமர்ந்தே முதுமையடைந்த பெரியார். இளமையில், 1820 முதல் 1825 வரை, எகிப்து, சீனாய், செங்கடற் கரை ஆகிய நாடுகளில் ஹெம்ப்ரிக் என்னும் உயிர்த்தோழரோடு அலைந்து, அத்தோழரை மசாவா என்னும் துறைமுகத்தில் நோய்க்குப் பறிகொடுத்துத் தனியே மீண்டவர். சீனாய் வனாந்தரத்தில் தாமரிஸ்கு என்னும் குற்றுமரத்திற் கசியும் இன்சுவைப் பொருள் ஒரு சிறு பூச்சியால் உண்டாவது என்று கண்டு, அதனையே வேதத்திற் கூறும் மன்னாவோடு இயைத்துரைத்தவரும் இவரே. டார்வின் விடுத்த ஐந்து பொட்டணங்களில் அறுபத்தேழு வகை உயிர்வடிவங்களை அவர் எண்ணிக் காட்டினார். அவற்றுட் பல, சிலிக்கா என்னும் மணற்சத்தாலாகிய ஓடுடைய நுண்ணுயிர்கள். இரண்டு நீங்கலாக அந்நுண்ணுயிர்களெல்லாம் கடலுக்குரியன அல்ல, நன்னீருக்குரியன என்பதுதான் வியப்பு. காற்று வீசிய திசையோ ஆப்பிரிக்காவைச் சுட்டிற்று. எஹ்ரன்பர்க்கோ ஆப்பிரிக்காவுக்கே சிறப்பாக உரியதொன்றும் அதில் இல்லை என்றும், அதுவரை தென்னமெரிக்காவில் மட்டுமே தாம் கண்ட இருவகை அதில் உள என்றும் கூறினார். சகாரா நாட்டில் வற்றிப்போன பண்டைப் பேரேரியொன்றின் அடிநிலமாகிய போதெலே என்னும் பள்ளத்திலிருந்து, நன்னீர் நுண்ணுயிர்களின் ஓட்டுத்துகள் அட்லாண்டிக்கைக் கடந்து செல்வதை இன்று செயற்கைக்கோட் படங்களிலே காண்கிறோம். டார்வினுடைய காற்றும் எஹ்ரன்பர்க்கினுடைய நன்னீரும் ஒருங்கே பொருந்திவிடுகின்றன.

இங்ஙனம் கடிதமும் பொட்டணமுமாய், ஒருவகை விளையாட்டுப் போலவே தொடங்கிய தூசியாராய்ச்சி, இருபது ஆண்டுக்குள் அச்சந்தரும் பொருளாயிற்று. பிரான்சு நாட்டுப் பாஸ்டர், வெடிபஞ்சு அடைத்த குழாயிற் காற்றை இழுத்து, பஞ்சிற் சிக்கிய துகளில் உயிர் வித்துக்கள் இருத்தலை 1861இல் மெய்ப்பித்தார். (பஞ்சு காற்றிலுள்ளதைப் பிடிக்கும் என்பது எம் பகுதி ஆலைகளில் வேலை செய்வார்க்கு ஒருவரும் கற்பிக்க வேண்டாதது, அவர்தம் நெஞ்சே பஞ்சுத்தூசியைப் பிடித்து வைத்திருக்கும்.) காற்றில் உயிர்வித்து உண்டெனின், நோயின் வித்தும் அதில் உண்டோ? கங்கைச் சமவெளியினின்று புறப்பட்டு உலகையெல்லாம் சூறையாடிய வாந்திபேதி காற்றிலேறித்தான் வந்ததோ? யேனா நகரத்து ஹாலியர் என்னும் நிலைத்திணையறிஞர், வாந்திபேதியை உண்டாக்குவது ஒரு பூசணம் என்றும், அது இந்தியாவில் நெற்பயிரின்மீது வளர்வதாதல் வேண்டும் என்றும் அறைந்தார். நெல்லையே உணவாகக் கொண்ட நாட்டின்மேல் இஃது எத்தகைய பழி என்பதை அமராவதி வாய்க்காற் பாய்ச்சலில் வாழும் எம்போல்வார் எளிதில் உணர்வர்.

இதனை ஆய்ந்தறிய இளைஞர் இருவரை இந்தியாவுக்கு விடுப்பதென்று ஆங்கில அரசினர் முடிவு செய்தனர். எடின்பரோவில் 1867இல் மருத்துவப் பட்டம் பெற்ற கன்னிங்ஹாம், நெட்லியில் நடந்த தேர்வில் இந்திய மருத்துவப் பணிக்குரியாருள் முதல்வராக நின்றார். படை மருத்துவருள் முதல்வராக நின்றவர் திமோத்தி ரிச்சர்ட்ஸ் லூவிஸ் என்னும் வேல்சு நாட்டார். இவ்விருவரும் புறப்படுமுன் பூசணங்களைப் பற்றிக் கற்றற்கு அறிஞர் பலரிடம் அனுப்பப்பட்டனர். திருச்சபைக் குருவாயிருந்துகொண்டே பூசண நூலில் இங்கிலாந்தின் தலைசிறந்த புலமை பெற்றிருந்த பெர்க்லி, ஹாலியரின் கொள்கையைச் சிறிதும் ஏலாத டிபாரி, நிலத்தடி நீரின் ஏற்ற இறக்கத்தாலேயே வாந்திபேதி பரவுமென்று கருதிய மியூனிக் நகரப் பெட்டன்கோபர் ஆகியோரைக் கண்டனர். ஹாலியரையும் நேரிற் கண்டனர். ஒருவர் கட்டியதை மற்றவர் இடிக்கும் இத்தகைய ஆசிரியர் நால்வரிடம் ஒருங்கே பாடங்கேட்ட மாணாக்கர் ஒன்று குழம்பிப் போதல் வேண்டும், அன்றேல் யாரையும் நம்பாதவராதல் வேண்டும். இவர்கள் இரண்டாம் வகையினராயினர்.

1869ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இருவரும் கல்கத்தா வந்தடைந்தனர். ஹாலியரின் பூசணத்தை நோயாளரின் கழிவிலே தேடினர், கிடைத்திலது. லூவிஸ் தம் முதல் அறிக்கையை 1870இல் வெளியிட்டார். நெல்லின் மேலிருந்த பழி நீங்கிற்று. பின் இருவரும் பெட்டன்கோபரின் வழியிலே மண்ணையும் கிணற்று நீரின் மட்டத்தையும் அளந்தனர்; ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒன்றாக உழைத்தனர். யானைக்கால் நோயின் காரணமாகிய நுண்புழுவை மாந்தர் குருதியில் லூவிஸ் 1872இல் கண்டது இக்காலத்தேதான்.

அதே ஆண்டிலேதான் கன்னிங்ஹாமின் தூசியாராய்ச்சியும் நிகழ்ந்தது. அதற்கு அவர் தேர்ந்த இடம் சிறைச்சாலை. கல்கத்தாவின் மைதானத்தில், இன்று விக்டோரியா நினைவு மண்டபம் நிற்குமிடத்தில், அக்காலத்தே மாகாணச் சிறை இருந்தது. மற்றொன்று அலிப்பூரில் இருந்தது. சிறைப்பட்டவர் ஓரிடம் விட்டு ஓரிடம் பெயரார். ஒரே உணவை உண்பர். யார்க்கு எந்நாளில் எந்நோய் வந்ததென்பது ஏட்டில் எழுதப்படும். ஆதலின் அன்றன்று காற்றில் மிதந்ததையும் அன்றன்று கண்ட நோயையும் பக்கத்திற் பக்கமாக வைத்து ஒப்பிடுதற்கு அதனினும் தக்க இடம் இல்லை. சுவருக்குள் அடைபட்டார்க்கும் அடையாமல் வருவது காற்று ஒன்றே என்று எண்ணும்போது, அறிவியலுக்கு அப்பாலும் நெஞ்சில் ஏதோ தைக்கின்றது. அவர் எழுதிய நூலிற் கைதிகள் வெறும் எண்ணாகவே வருகின்றனர்.

அவருடைய கருவி மிக எளியது. மேடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் வகுத்த தூசிபிடிக் கருவியை அவர் சிறிது திருத்திக்கொண்டார். (அதே மேடாக்ஸ்தான் 1871இல் ஒளிப்படம் எடுத்தற்கு உலர்தகட்டைப் புனைந்தவர், தூசி படிந்த தகடும் ஒளி படிந்த தகடும் ஒருவர் கையினின்றே பிறந்தமை வியத்தற்குரியது.) அகன்ற வாயுடைய புனலொன்று, அதன் பின்னே வால்போன்ற தகடு. காற்று எத்திசையினின்று வரினும் வால் திரும்பப் புனலின் வாய் காற்றை எதிர்கொள்ளும். புனலின் குறுகிய முனையினூடே பாய்ந்த காற்று, கிளிசரின் தடவிய மெல்லிய கண்ணாடியொன்றில் மோதி, தான் சுமந்து வந்ததை அதிலே ஒட்டிவிட்டுச் செல்லும். இருபத்துநான்கு மணிநேரம் சென்றபின் அக்கண்ணாடியை எடுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் இடுவார். கண்டவற்றை எண்ணுவார்; படம் எழுதுவார்; அவற்றுட் சிலவற்றை ஈரமான இடத்தில் வைத்து முளைக்கின்றனவா என்றும் பார்ப்பார். கழிவுநீர்ச் சுருங்கையின் காற்றையும் மழைநீரையும் இவ்வாறே ஆய்ந்தார். கல்கத்தாவின் கோடையிலும் கார்காலத்திலும் நாளொன்று தவறாமல் கண்ணாடி மாற்றும் இவ்வேலை எத்துணைச் சலிப்புத் தருவதென்பதைச் சுவடிக்குச் சுவடி பாடபேதம் குறிக்கும் தமிழ் மாணவர் சிறிது ஊகிக்கலாம்.

1873இல் கல்கத்தாவில் அச்சான நூலில் அவர் தம் முடிவுகளை வைத்தார். பூசணங்களின் நுண்வித்துக்கள் காற்றில் எக்காலத்தும் மிகுதியாக உள; அவற்றுட் பெரும்பாலன உயிருள்ளவை, முளைக்கும் ஆற்றலுடையவை. அவற்றின் தொகை ஈரத்தாலோ, காற்றின் விசையாலோ, திசையாலோ அத்துணை மாறுவதாகத் தோன்றவில்லை. எஹ்ரன்பர்க் கண்டவை போன்ற நுண்விலங்குகளோ அவற்றின் முட்டைகளோ தூசியில் இல்லையென்றே சொல்லலாம். இவற்றையெல்லாம்விட அரசினர் எதிர்நோக்கியிருந்த விடை ஒன்றுண்டு. காற்றில் மிதந்த வித்துக்களின் தொகைக்கும், சிறையில் நிகழ்ந்த பேதி, சீதபேதி, வாந்திபேதி, முறைசுரம், டெங்குக் காய்ச்சல் ஆகியவற்றுக்கும் யாதொரு தொடர்பும் காணக் கூடவில்லை என்று அவர் எழுதினார். தேடி வருக என்று விடுக்கப்பட்டவன் இல்லை என்று வந்து நிற்பது எளிதன்று. ஏதேனும் ஒரு வித்தைச் சுட்டி இதுவே நோயின் வித்தென்று சொல்லியிருப்பின் ஐரோப்பா முழுதும் அவர் பெயர் முழங்கியிருக்கும். ஹாலியர்க்கு அவ்வாறே முழங்கிற்று. கன்னிங்ஹாம் அது செய்திலர். வாந்திபேதி நீரினாலும் உணவினாலும் பரவுவதென இன்று ஐயமின்றி அறிந்துள்ளோமாதலின் அவர் கூறியது மெய்.

அந்நூலில் வேறொரு வரியும் உண்டு; அதனைப் படித்துச் சிறிது நேரம் மேற்செல்லவியலாது நின்றேன். தெளிவான பாக்டீரியாவைத் தூசியிற் காண்பது மிக அரிதென்றும், ஆயினும் இன்னவென்று துணிய முடியாத நுண்டுகள்கள் எப்போதும் ஏராளமாக இருந்தன என்றும் அவர் குறித்திருக்கிறார். அந்நுண்டுகள்களுட் பல பாக்டீரியாவாக இருந்திருத்தல் கூடும். அவற்றைச் சாயமேற்றிக் காணும் முறையும், திண்மையான ஊட்டுப்பொருளின்மேல் வளர்த்துப் பிரித்தெடுக்கும் முறையும் அதற்குப் பின் பத்தாண்டுக்குள்ளேதான் ஜெர்மனியில் ராபர்ட் காக் என்பவராற் செம்மையுற்றன. கன்னிங்ஹாமின் கண்ணிற் குறைவில்லை; கண்ணாடிக்குத்தான் வரம்பிருந்தது. தெரியவில்லை என்பதைத் தெரியவில்லை என்றே அன்று அவர் எழுதினார்.

இதே காக் 1883ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தா வந்தார். சில கிழமைக்குள் வாந்திபேதியின் காரணம் காற்புள்ளி போல் வளைந்த ஒரு பாக்டீரியா என்று துணிந்தார். நோய் கண்ட சேரியின் குளத்து நீரிலும் அதனைக் கண்டெடுத்தார். கன்னிங்ஹாம் அப்போது கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் உடலியற் பேராசிரியராயிருந்தார். தாம் பதினைந்தாண்டு தேடியும் அகப்படாதது வந்த விருந்தினர்க்கு அகப்பட்டது என்பதை அவர் மனம் ஏற்றிலது. அவ்வகைப் பாக்டீரியா ஒன்றன்று, பல உள என்றும், நோயாளர் எல்லாரிடத்தும் ஒன்றே காணப்படவில்லை என்றும், ஆகவே அஃது நோயின் காரணமாகாதென்றும் 1891 வரையிலும் எழுதிக்கொண்டேயிருந்தார். முன்பு ஹாலியரை மறுத்த அதே கண், அதே உறுதி. இம்முறை மறுத்ததோ மெய்யை. ஒன்றும் சொல்ல வேண்டும். வாந்திபேதி தொற்றுநோய் அன்று என்னும் கருத்து அக்கால இந்திய அரசினர்க்கு உவப்பாயிருந்தது, தொற்றெனக் கொண்டால், 1869இல் திறந்த சூயஸ் கால்வாயில் இந்தியக் கப்பல்களைப் பிற நாட்டார் தடுத்து நிறுத்துவர், வாணிபம் கெடும். இதற்காகக் கன்னிங்ஹாம் தம் கருத்தை விற்றார் என்று சொல்ல யான் ஒருப்படேன். ஆயினும் தம் எசமானர்க்கு உவப்பான கருத்தை விடாது பற்றியிருப்பதற்கு அத்துணை மனவலி வேண்டுவதில்லை. ஹாலியரை மறுத்தபோதிருந்த பெருமையை இதற்கு அளிக்க என் மனம் ஒருப்படவில்லை.

முற்றும் பிழைபட்டார் என்று தள்ளிவிடவும் இயலாது. காற்புள்ளி வடிவினவாகிய பாக்டீரியா இனங்கள் நீரிற் பல உண்டென்பது உண்மை. அவற்றுட் பெரும்பாலன வாந்திபேதி விளைப்பன அல்ல. நோய் விளைப்பனவற்றுள்ளும் வகை வேறுபாடு உண்டு. 1992இல் அதுவரை அறியப்படாத புதுவகையொன்று முதன்முதல் நம் சென்னையிலேயே தோன்றி வங்காளம் வரை பரவிற்று. பல உள என்று கண்டது சரி. பல உள ஆகலின் ஒன்றும் காரணமன்று என்றதுதான் தவறு.

லூவிஸ் 1883இல் நெட்லிக்கு ஆசிரியராகத் திரும்பி, 1886இல் நாற்பத்துநான்கு வயதில் நுரையீரல் அழற்சியால் மாண்டார். பதினைந்தாண்டு எதிரெதிரே இரு பூதக்கண்ணாடிகளில் குனிந்திருந்த தோழர் இருவருள் ஒருவர் நாற்காலி வெறுமையாயிற்று. கன்னிங்ஹாமின் பிற்காலப் பிடிவாதத்துக்கு இத்தனிமையும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஒருவர் கண்டதை மற்றவர் மறுத்துப் பார்க்கும் வாய்ப்பு அதன்பின் அவர்க்கில்லை.

இடைப்பட்ட 1885இல் நிகழ்ந்தது இவர் வாழ்விலேயே மிகவும் வியத்தகு செய்தி. தில்லிப் புண் என்று அக்காலத்தார் அழைத்த, எளிதில் ஆறாத தோற்புண்ணொன்றின் தசையை வெட்டிப் பார்த்த கன்னிங்ஹாம், அதனுள் விந்தையான ஒட்டுண்ணி வடிவங்களைக் கண்டு, வழக்கம்போல் படம் எழுதி அச்சிட்டார். அவை இன்னவென்று அவர் முற்றும் அறிந்திலர். பதினெட்டாண்டு கழித்து, 1903இல், லீஷ்மன் என்பார் கருங்காய்ச்சலால் இறந்த போர்வீரர் ஒருவரின் மண்ணீரலிற் கண்ட வடிவங்களை வெளியிட, அவற்றையே சென்னைப் பொது மருத்துவமனையில் இருந்த டாக்டர் டோனவன் தம் நோயாளரிடத்தே கண்டு உறுதிப்படுத்தினார். ரானல்டு ராஸ் அவ்வொட்டுண்ணிக்கு இருவர் பெயரையும் சூட்டினார். அவ்வினத்தையே முதன்முதல் கண்டவர் பெயர் அதில் இல்லை. ஓய்வு பெற்று இங்கிலாந்திலிருந்த கன்னிங்ஹாம் இதனையெல்லாம் உயிரோடிருந்தே அறிந்திருக்கக் கூடும்.

இலைகளின்மேல் வளர்ந்து செந்துருப் போலப் படரும் பாசியொன்றையும் அவர் கல்கத்தாவிலிருந்து ஆராய்ந்து, லண்டன் லின்னேயர் கழகத்துக்கு விரிவாக எழுதினார். தேயிலைத் தோட்டத்தார் செந்துரு நோயென்று அஞ்சுவது இப்பாசியையே. இதனை ஈண்டுக் கூறுதற்குக் காரணம் உண்டு. 2001ஆம் ஆண்டு சூலை முதல் செப்டம்பர் வரை, எம்மூரின் தெற்கே நீலநிறமாய்த் தோன்றும் மலைகளுக்கு அப்பாலுள்ள இடுக்கியிலும், கோட்டயத்திலும் செந்நிற மழை பெய்தது. வானினின்று குருதி பெய்ததென்று மக்கள் கலங்கினர். விண்மீன் உலகினின்று வந்த உயிர் என்றும் சிலர் எழுதினர். ஆராய்ந்தோர் அம்மழைநீரிற் கண்டது திரெண்டிபோலியா என்னும் பாசியின் வித்துக்களை. கன்னிங்ஹாமின் செந்துருப் பாசியும் அக்குடும்பத்தைச் சார்ந்ததே. பாசியின் வித்துக் காற்றிலேறி மழையோடு இறங்கும் என்பதை 1873இல் மழைநீரையும் தூசியையும் ஒருங்கே வைத்துப் பார்த்தவர்க்கு ஒருவரும் விளக்க வேண்டியிராது.

1889இல் லண்டன் ராயல் கழகத்தார் அவரை உறுப்பினராக்கினர். பிற்காலத்தே பாம்பு நஞ்சினையும் ஆராய்ந்தார். அலிப்பூர் விலங்குக் காட்சிச்சாலையின் நிர்வாகத்திற் பங்குகொண்டார். 1898இல் பணி நீங்கி இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டார்க்கி என்னும் கடற்கரையூரிற் குடியேறினார். அங்கிருந்து அவர் எழுதிய நூல்கள் நோயைப் பற்றியவை அல்ல. கல்கத்தாவில் தம் தோட்டத்துக்கு வந்த காகம், மைனா, அணில், கீரி முதலியவற்றையும் வங்காளத்து வாழ்வின் இன்ப துன்பங்களையும் பற்றி 1903இலும் 1907இலும் இரு நூல்கள் வெளியிட்டார். முப்பதாண்டு குனிந்து நோக்கிய கண், நிமிர்ந்து மரக்கிளையை நோக்கிற்று. அதில் யாருடனும் வாதமில்லை.

எழுபத்தொன்றாம் வயதில், 1914ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, டார்க்கியில் அவர் உயிர் நீத்தார். காற்றிலுள்ள நுண்ணுயிர்களைப் பற்றி 1961இல் விரிந்த நூலெழுதிய கிரகரி என்னும் ஆங்கில அறிஞர், கல்கத்தாச் சிறைகளில் எழுதப்பட்ட அத்தூசிப் படங்களை நினைவுகூர்ந்துள்ளார். அப்படங்களை எழுதியவர் பெயர் தெரியாதோரும் இன்று அவற்றைக் கண்டால், இது புல்லின் பூந்தாது, இது இலைக்கருகற் பூசணத்தின் வித்து என்று எளிதில் இனங்கண்டு சொல்லலாம்.